வளையாமல் போன சருகுமான்

ஒரு காட்டில் சருகுமானும் முள்ளம்பன்றியும் அடுத்தடுத்த புதர்களில் குடியிருந்தன. ஓடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை பெரிய ஈச்சம்புதரைச் சுற்றிக்கொண்டு போகும். இரண்டும் தினமும் அதில்தான் பேசிச் சிரித்தபடி நடக்கும்.

ஒருநாள் சருகுமான் கேட்டது. "அண்ணே, இன்றைக்குச் சுற்றாமல் நேராகவே போய்ப் பார்ப்போமா?"

"இந்தக் காட்டில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? காதைக் கிழித்துக்கொள்ளப் போகிறாய்," என்றது முள்ளம்பன்றி. ஆனாலும் சருகுமான் புதருக்குள் நுழைந்ததும், அதைத் தனியே விட மனமில்லாமல் பின்னாலேயே வந்தது.

சருகுமான் கொஞ்சம் விலகினாலும், "இடப்பக்கம் சாய்கிறாய்," என்று முள்ளம்பன்றி திருத்தியது. முள்ளில் காது கிழிந்து சருகுமான் நின்றுவிட்டபோது, முள்ளம்பன்றியே முன்னால் புகுந்து வழி உண்டாக்கியது.

புதர் முடிந்த இடத்தில் ஒரு சின்னச் சுனை இருந்தது. அதன் கரையில் ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது.

"தினமும் சிரித்துக்கொண்டு போவது நீங்கள்தானா?" என்றது ஆமை. "ஏதோ தூரத்து ஊர்க்காரர்கள் என்று நினைத்தேன்."

"நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"பிறந்ததே இங்கேதான்."

முள்ளம்பன்றிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தினமும் நடக்கும் பாதை அங்கிருந்து இருபதடிகூட இருக்காது. அது சுனையில் தண்ணீர் குடித்துவிட்டு ஆமையிடம் மெதுவாகக் கேட்டது. "இப்படியே நேராகப் போனால் என்ன வரும்?"

ஆமை யோசித்தது. "தெரியவில்லையே. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை," என்று சொல்லிக்கொண்டே எழுந்தது.

சருகுமான் தன் நடையைக் குறைத்துக்கொண்டது. மூன்றும் நேராக நடந்தன.