ஆதரவு உண்டு

புது ரவுட்டர் வந்தும், வாசல் கேமராவின் படம் கண்டவன் கண்ணிலெல்லாம் பட்டது.

"உன் பெட்டியில் 'விபிஎன் ஆதரவு உண்டு'ன்னு போட்டிருக்கே. படம் ஒளிஞ்சு போக ரகசியச் சுரங்கம் எங்கேய்யா?" என்று கேட்டது கேமரா.

ரவுட்டர் தன் ஆறு ஆன்டெனாக் கொம்பையும் நிமிர்த்திக்கொண்டது. "நீயே தோண்டிக்கோ. நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதுக்குப் பேர்தான் ஆதரவு."

"பங்காளி மாதிரிப் பேசாதே. எனக்குத் தோண்டத் தெரிஞ்சா உன்னை எதுக்கு வாங்குறாங்க?"

"இந்த வீட்டு டிவி, போனெல்லாம் என்னோட அனுசரிச்சுப் போகலையா?"

"நான் போக மாட்டேன்." கேமரா கண்ணை மூடிக்கொண்டது.

வீட்டுக்காரி பூங்கோதை வந்து தட்டிப் பார்த்தாள். "தோண்டத் தெரிஞ்சவனைக் கொண்டாம்மா, திறக்கிறேன்" என்றது கேமரா.

கொம்பனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் வேறொன்று வாங்கி வந்து மாட்டினாள். கேமரா கண் திறந்தபோது சுரங்கம் தயாராயிருந்தது. தோண்டியது, வந்ததிலிருந்து வாயே திறக்காத அந்தக் குட்டி ரவுட்டர்.