செத்தவர் சிரிக்க வேண்டும்

வில்லன் நடிகர் கோட்டைச்சாமி சாகாத படம் கிடையாது. சாகிற காட்சியை எடுத்து முடித்ததும் செத்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆகாது என்பது ஷூட்டிங் வழக்கம். எடிட்டர் அல்போன்ஸ் அந்தச் சிரிப்பை வெட்டியெடுத்து வைத்துக்கொள்வார். கோட்டைச்சாமியின் அறுபதாம் கல்யாணத்தில் அத்தனையையும் ஒட்டித் திரையில் ஓட்டினார். நெற்றியில் குண்டோடு, முதுகில் கத்தியோடு, வாயெல்லாம் பல்லாக மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தார். மண்டபம் அதிர்ந்தது.

மனைவி பவளம் முழங்கையால் இடித்தாள். "இம்புட்டுச் சிரிப்ப வச்சுக்கிட்டு வீட்டுல ஏன் உம்முன்னு இருந்தீக?"

"வீட்டுல என்னைய யாரு கொன்னா, எந்திரிச்சுச் சிரிக்க?"

பவளம் தாம்பூலத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து அவர் நெஞ்சில் ஓங்கிக் குத்தினாள். கோட்டைச்சாமி மாலையோடு மேடையில் சாய்ந்தார். அல்போன்ஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.