வெள்ளிக் காவக்காரன்

“இன்னைக்கி என்ன வேஷம் கட்டுனீக? ஆளு இப்பிடி மின்னுறீக?”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சுடலை நிமிராமலே சிரித்தான். நெற்றி, கழுத்து, காது மடல் எல்லாம் வெள்ளிப் பொடி. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் மிச்சம் இருந்தது. வரும் வழியில் பஸ்ஸில் ஒருத்தர்கூட அவனை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. சாத்தூர்க்காரர்கள் லேசில் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை.

“வேஷம் மாறிருச்சு புள்ள. இனிமே நான் வெள்ளிக் காவக்காரன்.”

“அப்ப ராசாவுக்குக் குடை பிடிக்கிறது?”

“அதுக்கு வேற ஆளு போட்டாச்சு.”

சின்னத்தாய் மடியில் கிடந்த தையலை ஓரமாக வைத்தாள். தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் எடுத்து வந்து, புருஷனைக் கட்டிலில் உட்காரவைத்து நெற்றியிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். சன்னல் வழியாகச் சாயங்கால வெயில் உள்ளே வந்து, அவன் கன்னத்து வெள்ளியில் பட்டுச் சுவரெல்லாம் மினுமினுத்தது.

“மொதல்ல திரை இழுத்தீக. பெறகு கூட்டத்துல நின்னு கோஷம் போட்டீக. பெறகு குடை. இப்ப வெள்ளி. மளமளன்னு மேல போறீக.” அவள் கை ஒரு நொடி நின்று மறுபடி நகர்ந்தது. “சொல்லுங்க, கதை என்ன?”

இதற்காகத்தான் அவள் பகலெல்லாம் காத்திருப்பாள். அவள் தம்பி கதிரவன் பட்டாசு ஆலை வெடி விபத்தில் போனதிலிருந்து மாதக்கணக்கில் அவளுக்கு உறக்கமே இல்லை. கண்ணை மூடினால் புகைதான் தெரிகிறது என்பாள். கடைசியில் சுடலையை இருக்கன்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய், இனி எந்த வெடியாபீஸ் வாசலையும் மிதிப்பதில்லை என்று மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். கொஞ்ச நாளிலேயே, விருதுநகரில் ஒரு நாடகக் கம்பெனியில் துணை நடிகனாகச் சேர்ந்துவிட்டதாக அவன் வந்து சொன்னான். அன்றைக்குத்தான் அவள் அசந்து தூங்கினாள். அந்தத் தூக்கம் கெட்டுவிடக் கூடாது. சுடலைக்கு இந்த உலகத்தில் வேறு கவலை கிடையாது.

“ஒரு ராசகுமாரி கனவு காண்றா,” என்று ஆரம்பித்தான். “கனவுல ஒரு அரமண. செவரு பூராவும் மேகம். தரையில நடந்தா சத்தமே வராது. வாசலுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளிக் காவக்காரங்க நிப்பாங்க. அவுக அசையக்கூடாது. அசஞ்சா ராசகுமாரி முழிச்சிருவா.”

“முழிச்சா?”

“அரமண மறஞ்சு போயிரும்.”

“உங்களுக்கு வசனமே கிடையாதா?”

“நிக்கணும். அம்புட்டுத்தான்.”

எண்ணெய்த் துணி கன்னத்தில் மெதுவாக ஓடியது. சுடலைக்கே அந்த அரண்மனை கண்ணில் தெரிந்தது. மேகச் சுவருக்குள் குளுகுளுவென்று இருந்தது. உள்ளே எங்கேயோ தண்ணீர் சொட்டியது. யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

“எப்ப ராசா வேஷம் கட்டுவீக?”

“எனக்கு அது வேண்டாம் புள்ள. சண்டை வந்தா ராசாவத்தான் மொதல்ல வெட்டுவான். பக்கத்துல நிக்கிறவன் பத்திரமா வீடு வந்து சேந்துருவான்.”

சின்னத்தாய் துணியின் மறுபக்கத்தைத் திருப்பி அவன் காதைத் துடைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். “ஒரு நாளைக்கி நானும் வந்து பாக்கட்டா?”

சுடலை அவசரமாகத் தலையை ஆட்டினான். “அங்கனயா? இன்னும் ஒத்திகதான் நடக்குது. நாடக வாத்தியார் வெளியாள உள்ள விடமாட்டாரு.”

“கோயில் கொடைத் திருவிழாவுல நாடகம் போடுவாகள்ல, அப்ப?”

“வெக்கமா இருக்கும் புள்ள. ஓரமா மரம் மாதிரி நிக்கிறவன என்னத்தப் பாக்கப் போற?”

“நான் ஓரத்தத்தான் பாப்பேன்.”

அவன் நகக்கண்ணில் இருந்த வெள்ளியைச் சுரண்டினான். நல்லவேளை, அவளே விட்டுக்கொடுத்தாள்.

“சரி, விடுங்க. நீக சொல்லிக் கேக்குறதே நல்லாத்தான் இருக்கு.”

சுடலைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அவள் தைத்து வைத்திருந்ததை எடுத்து விரித்துக் காட்டினாள். வெள்ளைப் பருத்தித் துணியில் அரைக்கைச் சட்டை. பொத்தான் இல்லை, ஊக்கு இல்லை. முடிந்துகொள்ளத் துணி நாடாதான் வைத்திருந்தாள்.

“நாளைக்கி இதப் போட்டுட்டுப் போங்க. அந்தப் பாலியஸ்டர் சட்டை இனிமே வேண்டாம்.”

“காவக்காரனுக்கு மேல கவசம் மாட்டி விட்டுருவாங்க. உள்ள எதப் போட்டா என்ன?”

“இதப் போடுங்க,” என்றாள். அவனை எழுப்பி நிறுத்தி, சட்டையை மாட்டிவிட்டு, நாடாக்களைத் தானே முடிந்தாள். அளவு சரியாக இருந்தது. தள்ளி நின்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பாயில் போய்ப் படுத்தாள்.

அவள் கண் சொருகி, மூச்சு சீராக வந்தது. சுடலை விளக்கை அணைக்கக் கையை நீட்டினான்.

“வெள்ளிப் பொடி போட்டு வெடிமருந்து கலக்குற ரூமுக்குள்ள போறதுக்கு முன்னால, வாசல்ல இருக்குற செம்புத் தகட்ட ரெண்டு கையாலயும் தொட்டு, ஒடம்புல இருக்குற கரண்ட எறக்கிட்டுப் போங்க,” என்றாள் சின்னத்தாய், கண்ணைத் திறக்காமலே. “எந்தம்பி அதத்தான் மறந்துட்டான்.”

சுடலை அசையாமல் நின்றான்.