ஆறு மணி வரை தண்ணீர் இல்லை

இன்று மாலை ஆறு மணி தாண்டிவிட்டால் எஸ்தர் வாங்கிய பழைய பர்சனல் லோன் காலாவதியாகிவிடும்; பிறகு யாரும் அதை வசூலிக்க முடியாது. அதுவரை வசூலுக்கு வருபவர் கையில் எதையும் கொடுக்கக் கூடாது. எதைக் கொடுத்தாலும் அது தவணையாக வரவு வைக்கப்பட்டு, மொத்தக் கடனும் மறுபடி உயிர் பெறும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியதிலிருந்து எஸ்தர் வீட்டில் அரிசிக்கே இழுபறி.

மத்தியானத்திலிருந்து வசூல்காரப் பெண் வாசல் வெயிலில் நின்றாள். நிழலில் ஒதுங்க அவளுக்கு அனுமதி கிடையாது.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

கேட்டுக்கொண்டே, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் சட்டையில் குத்தியிருந்த கேமரா வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முகம் அதற்குத் தெரியாது. ஜன்னலில் நின்ற எஸ்தருக்குத் தெரிந்தது.

"கதவத் தொறக்காத. இன்னும் கொஞ்ச நேரந்தான்," என்றான் கணவன் ஜெயசீலன், தாழ்ப்பாளைப் பிடித்தபடி.

ஐந்தரைக்கு அந்தப் பெண் மறுபடி கேட்டாள், மறுபடி தலையை ஆட்டினாள். அப்படியே கால் மடங்கி விழுந்தாள்.

எஸ்தர் கணவனைத் தள்ளிவிட்டுச் சொம்போடு ஓடினாள். அந்தப் பெண்ணின் தலையை மடியில் தூக்கி வைத்து வாயில் தண்ணீரை ஊற்றினாள்.

"தவணை பெறப்பட்டது. நன்றி," என்றது கேமரா.

ஜெயசீலன் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவள் கண் விழித்து, காலிச் சொம்பைப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா."

இந்தத் தடவை அவள் தலையை ஆட்டவில்லை.