யாருக்கு அவசரம்?

முதியோர் இல்லத்தின் மாடிப்படி ஏறும்போதே மகனுக்குப் பகீரென்றது. அம்மாவின் அறை வாசலில் அவசர மணியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவும் சாத்தியிருந்தது.

விழுந்தடித்து ஓடிக் கதவைத் திறந்தான்.

அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்து வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கட்டிலில் நர்ஸ்! செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ரொம்ப நல்லாயிருக்கு! பேஷன்ட் நாற்காலியில, நர்ஸ் கட்டில்லயா? நீங்க அவங்களைப் பார்த்துக்கிறீங்களா, அவங்க உங்களைப் பார்த்துக்கிறாங்களா?"

நர்ஸ் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் எழுந்து நின்றாள். "சாரி சார்... வந்து..."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? மேனேஜர்கிட்ட சொல்லுங்க. இன்னிக்கே உங்க சீட்டைக் கிழிக்கிறேன்!"

மேனேஜரின் நம்பரை அழுத்தினான். ரிங் போனது, அவர் எடுக்கவில்லை.

"வேணாம் சார். இந்த வேலையை நம்பித்தான் எங்க வீடே இருக்கு."

அதற்குள் எதிர் அறையில் அவசர மணி அடித்தது. பாக்ஸை அப்படியே போட்டுவிட்டு, வெறுங்காலோடு பறந்தாள்.

"போனை உள்ள வைடா" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா. உனக்கு என்ன பண்ணுச்சு? மயக்கமா? நெஞ்சு வலியா?"

"எனக்கென்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"அப்புறம் எதுக்கு அவசர மணி அடிச்ச?"

"இந்த மாடி முழுக்க அவ ஒருத்திதான்டா. உட்கார்ந்தா போதும், தலையணையை நகர்த்து, ஜன்னலைச் சாத்துன்னு ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பிராணனை வாங்கிடுவோம். அவசர மணிக்குப் போயிருந்தா மட்டும் சில்லறை வேலைக்கு அவளைக் கூப்பிடக் கூடாது, இங்க அதுதான் சட்டம். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல பாவம். அதான் அடிச்சேன். வந்தவளைக் கட்டில்ல உட்கார வெச்சுக் கதவைச் சாத்தினேன். சாயங்காலம் டீக்கு அடிக்கிறது கோடி ரூம்காரர் முறை!"

மகன் போனைச் சட்டைப் பையில் போட்டான். பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸைப் பார்க்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

நர்ஸ் மூச்சிரைக்க வந்து நின்றாள். "எதிர் ரூம் பெரியவருக்குப் புரையேறிடுச்சு. இப்ப நல்லாயிருக்கார் சார்."

அந்த நேரம் பார்த்து மேனேஜரே திரும்ப அழைத்தார். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுங்க சார், ஏதாவது புகாரா?"

"ஆமா, பெரிய புகார். அவசரம்னா அடிக்க இங்க ஒருத்தருக்கு மணியே இல்லையே?"

"அப்படி இருக்காதே சார்! கட்டிலுக்குக் கட்டில் வெச்சிருக்கோமே. யாருக்கு இல்ல?"

"உங்க நர்ஸுக்கு!"