மூன்றாவது பெடல்

“உன் காரைப் பின்னாடி கொண்டுபோய் நிறுத்து. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல.”

கார் பைத்தியக் கோஷ்டியின் தலைவரான பல் டாக்டர் இப்படிச் சொன்னதும் டர்போவின் முகம் தொங்கிப்போனது. டர்போ என்பது நண்பர்கள் வைத்த பெயர். இன்ஜினைப் பிரித்து, பெரிய டர்போ மாட்டி, வெறிபிடித்த வேகத்தில் பறக்கும் அவருடைய சிவப்புக் காருக்குத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோஷ்டி கூடி நிறுத்தும் கார் வரிசையில் எப்போதும் முதல் இடம். இன்று அந்தக் காரில் கிளட்சைக் காணோம்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இந்தக் கோஷ்டி பிடித்த காருக்கு மூன்றே பெடல். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் காரை இவர்கள் கார் என்றே ஒப்புக்கொள்வதில்லை. ‘வாஷிங் மெஷின்’ என்பார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவானே டர்போதான்.

“நானா ஆசைப்பட்டு மாத்தினேன்?” என்றார் டர்போ. “எல்லாம் வீட்டுல பண்ற அடம். நானும் கார் ஓட்டணும், கிளட்ச் எனக்கு வராது, ஆட்டோமேட்டிக்கா மாத்துங்கன்னு ஒரே நச்சரிப்பு. எத்தனை நாள்தான் தாக்குப்பிடிக்கிறது?”

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். கூட்டத்தில் ஒருவர், “பாவம், நல்ல மனுஷன். வாய்ச்சது அப்படி,” என்றார்.

“பழைய கியர்பாக்ஸ் இருக்கில்ல?” டாக்டர் கேட்டார்.

“மெக்கானிக்கிட்ட இருக்கு.”

“அதை மறுபடியும் மாட்டு. இல்லேன்னா கோஷ்டியிலேர்ந்து உன் பேரை எடுத்துடுவோம். உன் வீட்டுல நான் பேசிக்கிறேன்.”

டாக்டர் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் சாயங்காலமே டர்போவின் வீட்டு வாசலில் போய் நின்றார். சரிவான, ஒடுக்கமான தெரு. தன்னுடைய நீலக் காரைப் பாதித் தெருவை அடைத்து நிறுத்திவிட்டு உள்ளே போனார். டர்போ இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை. அவருடைய மனைவி காபி கொடுத்தார்.

“தங்கச்சி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே. அந்தக் கார் அவனோட உயிர். கையால கியர் போட்டு, காலால கிளட்ச் மிதிச்சு ஓட்டினாத்தான் அது ஓட்டுறது. மத்ததெல்லாம் சும்மா உக்காந்துட்டுப் போறது.”

“ஆட்டோமேட்டிக்ல கியர் மாறும்போது காரோட வேகம் இறங்காதாமே? மெக்கானிக் சொன்னார்.”

“அதெல்லாம் சோம்பேறிங்க சொல்ற சமாதானம். உனக்கு ஓட்ட வரலைன்னா சின்னதா வேற ஒரு கார் வாங்கிக்க. அதுக்காக அவன் ஆசையில மண்ணள்ளிப் போடலாமா?”

“எனக்கு அவ்வளவு யோசனை போகலை டாக்டர்,” என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த திருப்தி.

அதற்குள் தெருவில் ஹாரன் அலறியது. சோபா ஏற்றிவந்த வேன் ஒன்று, நீலக் காரைத் தாண்ட முடியாமல் நின்றது. டாக்டர் ஓடிப்போய்க் காரில் ஏறினார். மேட்டில் பின்பக்கமாக ஏற்ற வேண்டும். ரேஸ் கிளட்ச், கல்லு மாதிரி இருக்கும். கார் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. வேன்காரர் இறங்கிவந்து வேடிக்கை பார்த்தார். டாக்டருக்கு வியர்த்துக்கொட்டியது, இடது கால் வெடவெடத்தது.

“கொஞ்சம் இறங்குங்க டாக்டர்,” என்றார் டர்போவின் மனைவி.

ஏறினார். ஒரே மிதி. கார் பூனை மாதிரி பின்னால் ஏறி, இரண்டு கேட்டுகளுக்கு நடுவே அளவெடுத்தாற்போல் போய் நின்றது. வேன் போய்விட்டது. டாக்டர் வாய் பிளந்து நின்றார்.

“உனக்கு… கிளட்ச் வராதுன்னு சொன்னானே?”

“அவர் அப்படித்தான் நம்புறார். காரை யாரையும் தொட விடமாட்டார், அதனால எனக்கு ஓட்டத் தெரியும்னே அவருக்குத் தெரியாது.” குரலைத் தணித்தார். “அவருக்கு இடது முட்டி போயிடுச்சு டாக்டர். அந்தக் கிளட்சை மிதிச்சு மிதிச்சுதான். பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஐஸ் வெச்சுக்கிறார். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. காரை வித்துடலாம்னு போட்டோகூட எடுத்துட்டார்.”

“ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே.”

“வாஷிங் மெஷின்னு சிரிக்கிறவங்ககிட்டயா? சொல்ல மாட்டார், வித்துடுவார். அப்புறம் ஞாயித்துக்கிழமை எங்கே போவார், யாரோட பேசுவார்? அதான் எனக்கு வராதுன்னு அடம் பிடிச்சேன். பழி என்னோட போகட்டும்.”

டாக்டர் கார் சாவியை வாங்கிக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை அவன் கார் முன்னாடியே நிக்கட்டும். எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்.”

“ரொம்ப நன்றி டாக்டர். நான் சொன்னது அவருக்குத் தெரிய வேண்டாம்.”

“தெரியாது.” இன்னும் வெடவெடத்துக்கொண்டிருந்த தொடையை நீவிவிட்டுக்கொண்டே, சுற்றும் முற்றும் பார்த்தார். “அப்புறம், அந்த மெக்கானிக் நம்பர் கொஞ்சம் குடேன். எங்க வீட்டுலயும் ரொம்ப நாளா இதே நச்சரிப்பு. எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் அவளுக்குக் கிளட்ச் வரவே மாட்டேங்குது.”

டர்போவின் மனைவி போனில் நம்பரைத் தேடிக்கொண்டே சொன்னார்:

“வராதா? எனக்குக் கியர் போடச் சொல்லிக் கொடுத்ததே உங்க வீட்டு அக்காதானே டாக்டர்.”