பக்கத்து வீட்டுக்காரர் ஏன் சிரித்தார்?

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கையாட்டிச் சிரித்தார். காருக்குள்ளிருந்து அதைப் பார்த்த ரேஸ் மனைவியின் பக்கம் திரும்பினான்.

“பாத்தியா, பல்லைக் காட்றான். எதுக்குக் காட்றான்?” என்று கத்தினான், காரை வெளியே எடுத்தபடி. கத்தினால்தான் கேட்கும். காருக்குள் உறுமல் அப்படி.

“ஒரு மனுஷன் சிரிச்சா குத்தமா? நீங்களும் திருப்பிச் சிரிச்சு வைங்களேன்” என்று பக்கத்து சீட்டிலிருந்து மனைவியும் கத்தினாள்.

சிரிக்கிற ஆளா அவர்? போன வருஷம் ரேஸின் பழைய காரைப் பற்றி அதிகாரிகளிடம் போட்டுக் கொடுத்த புண்ணியவானே அவர்தான். சத்தத்துக்காகச் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பெரிய குழாயாக மாட்டியிருந்தான் ரேஸ். சொந்த ஊராக இருந்தால் தெருவே வாயைப் பிளந்து பார்த்திருக்கும். இந்த நாட்டில் அதிகாரிகள் வந்து காரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு தடவை மாட்டினால் லைசென்ஸ் ரத்து என்று எச்சரிக்கை வேறு.

ரேஸ் என்பது கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். வேலை என்னவோ கம்பெனிக்குச் சாமான் வேன் ஓட்டுவதுதான். லைசென்ஸ் போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். அப்புறம் பிள்ளைகளைப் பாதிப் படிப்பில் இழுத்துக்கொண்டு பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இத்தனை தெரிந்தும் ஆசை விட்டதா? அடுத்த கார் வாங்கிய கையோடு, இதற்கும் சத்தம் வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். மனைவி அழுதாள், சண்டை போட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் என்ன தோன்றியதோ, “சரி, பண்ணிக்கங்க. ஆனா கண்டவன்கிட்ட குடுக்காதீங்க, என் தம்பிகிட்டயே குடுங்க” என்றாள்.

தம்பி மெக்கானிக். அவன் செய்து கொடுத்த வண்டியில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. ரேஸ் மைத்துனனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் காரின் சாவியை யார் கையிலும் கொடுப்பதில்லை.

ஆனால் ஒரு சந்தேகம்தான் அவனை விடவில்லை. மாசக்கணக்கில் உறுமிக்கொண்டு போகிறான், வருகிறான். ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. புகார் கொடுத்த மனுஷரோ பார்க்கும்போதெல்லாம் கையாட்டுகிறார்.

“விட்டுப் பிடிக்கிறாங்கடி. எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்றாங்க. அந்தாள் சட்டைப்பையில போன் இருந்துச்சு, பாத்தல்ல?”

“எல்லார் சட்டைப்பையிலயுந்தான் போன் இருக்கு. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

வியர்த்துக் கொட்டியது. கண்ணாடியை இறக்கப் போனவனின் கையை அவள் தட்டிவிட்டாள். “இறக்காதீங்க, தூசி!”

துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது ரோடு. எங்கே தூசி என்று கேட்பதற்குள், எதிரே ஒரு அதிகாரி கையைக் காட்டி ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

“போச்சு! சொன்னேன்ல? யாரோ போட்டுக் குடுத்துட்டான். அந்தாளா இருக்கணும், இல்ல உன் தம்பியா இருக்கணும்.”

“என் தம்பியை ஏன் இழுக்கறீங்க? முதல்ல எஞ்சினை ஆஃப் பண்ணுங்க.”

அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினான். “இன்னைக்கு இந்த வழியா வர்ற எல்லா வண்டியிலயும் சத்தம் பாக்கறோம். நான் கை காட்டினதும் ஸ்டார்ட் பண்ணி மிதிங்க” என்று சொல்லிவிட்டு, அதிகாரி சத்தம் அளக்கும் கருவியோடு பின்பக்கம் போனார்.

“கண்ணாடியை ஏத்திருங்க” என்றாள் மனைவி அவசரமாக.

“ஏத்திட்டா மட்டும் அவருக்குக் கேக்காதா?” என்று முனகிக்கொண்டே ஏற்றினான்.

பின்னால் கை அசைந்தது. பூப்போல மிதித்தான். ‘இன்னும்’ என்று கை சொன்னது. கடவுளே என்று அழுத்தினான். சீட்டே குலுங்கியது. பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன சத்தத்துக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் தொலைத்தாயிற்று.

அதிகாரி கருவியைப் பார்த்தார். குனிந்து சைலன்சரைப் பார்த்தார். டார்ச் அடித்து வண்டிக்கு அடியிலும் பார்த்தார். பிறகு முன்னால் வந்து, அணைக்கும்படி சைகை காட்டினார். ரேஸ் அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினான்.

“ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க வண்டியை. எல்லாரும் இப்படி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல. போய்ட்டு வாங்க.”

ரேஸ் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே! அடுத்த திருப்பம் வரைக்கும் ஓட்டிப் போனான். திரும்பியதும் ஓரம் கட்டினான்.

“என்ன நாடகம் இது? குனிஞ்சு பாக்கறான், கும்பிடாத குறையா அனுப்பி வைக்கறான். எனக்குத் தெரியாம என்னமோ நடக்குது. உன் தம்பி அங்க என்னதான் மாட்டி வச்சிருக்கான்?”

எஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றாமல் இறங்கினான். கதவை அறைந்து சாத்திவிட்டுப் பின்பக்கம் ஓடினான்.

சைலன்சர் அருகே கையை நீட்டினான். சூடாகக் காற்று வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தத்தைத்தான் காணோம்.

மனைவி மெல்லக் கண்ணாடியை இறக்கினாள். அந்த இடுக்கு வழியாக உறுமல் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே அவள் குரலும் வந்தது.

“சைலன்சரைத் தம்பி மாத்தவே இல்லீங்க... சத்தம் உங்க சீட்டுக்கு அடியில இருக்கற ஸ்பீக்கர்லேர்ந்து வருது!”